மதியம் பன்னிரண்டு மணிக்குப் பிறகு எங்கே போவது? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிகள் பிரிவு பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடுகிறது. டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்கு மூடுகிறது. குடியை விட நினைக்கும் ஒருவர் காலையிலேயே வரிசையில் நின்று, சீட்டுப் பதிந்து, மனநல மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கு வரும் நேரமும் கடை ஷட்டர் தூக்கும் நேரமும் ஒன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் பத்து மணி நேரத்தை அவர் தனியாகக் கடந்தாக வேண்டும். அந்தப் பத்து மணி நேரத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மதுரையில் குடிநோய், போதைநோய் சிகிச்சையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் பகல்நேர சிகிச்சை மையம் வேண்டும். காலையில் வந்து, நாள் முழுக்க மருந்து, உணவு, குழு உரையாடல், தனி ஆலோசனை, குடும்பச் சந்திப்பு என்று இருந்துவிட்டு இரவு தம் வீட்டில் போய்த் தூங்கும்படியான சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து ஆறு நாள், குறைந்தது மூன்று மாதம்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2025இல் 25 இடங்களில் ‘கலங்கரை’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களைத் திறந்தீர்கள். தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கட்ட வழியில்லாத குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே அனுப்பிவைத்தவர்களில் சிலர் முகம் தெளிந்து திரும்பி வந்ததை நேரில் பார்த்தவள் நான். ஆனால் வார்டிலிருந்து வீட்டுக்குப் போன மறுநாளிலிருந்து அடுத்த ‘ரிவியூ’ தேதி வரை அவரைத் தாங்க ஓர் இடம் இல்லை. படுக்கை ஒரு பக்கம், மாத்திரைச் சீட்டு மறுபக்கம். நடுவில் இருப்பது வெற்றிடம்.

குடியை நிறுத்தியதும் உடல் என்ன செய்யும் என்பது மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும். சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி குழம்பி, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும். அது உயிருக்கே ஆபத்தான கட்டம். இதையெல்லாம் வார்டில் வைத்துத்தான் கடக்க வேண்டும், வேறு வழியில்லை. தயமின் என்ற வைட்டமின் ஊசியும் நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையும் கொடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் உடல் ஓரளவு நிதானத்துக்கு வந்துவிடும். வேட்கை அப்படிப் போய்விடுவதில்லை. தூக்கம் சீராக மாதங்கள் பிடிக்கும். எரிச்சல், வெறுமை, யாரைப் பார்த்தாலும் குற்ற உணர்ச்சி. மறுபடி குடித்துவிடுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள்தான் அதைச் செய்கிறார்கள். சிகிச்சை மிக அதிகமாகத் தேவைப்படும் காலம் அதுதான். நம் ஏற்பாட்டில் சிகிச்சை மிகக் குறைவாகக் கிடைக்கும் காலமும் அதுவே.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் நாட்டில் 5 கோடியே 70 லட்சம் பேர் என்றது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். எத்தனை படுக்கை போட்டால் மீதி 179 பேரை அழைத்துக்கொள்ள முடியும்? படுக்கைகளைக் கூட்டிக்கொண்டே போய் இந்தக் கணக்கை எந்த அரசாலும் தீர்க்க முடியாது.

படுக்கை இருந்தாலும் பலரால் அதில் போய்ப் படுக்க முடியாது. ஒரு மாதம் உள்ளே இருந்தால் அந்த மாதக் கூலி யார் கொடுப்பார்கள் என்று கொத்தனார் கேட்கிறார். தவணை கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஆட்டோ ஓட்டுநர் சொல்கிறார். குடிக்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் குடிப்பது ஊருக்குத் தெரியாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், ஒரு மாதம் எங்கே போய்விட்டாள் என்று தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்று குடும்பமே அவர்களை மறைத்து வைக்கும். அந்தப் பெண் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து, பள்ளி விடும் நேரத்துக்கு வீடு திரும்ப முடியுமானால் கட்டாயம் வருவாள். வந்த பெண்களை நான் அறிவேன்.

எங்கள் மையம் சில காலம் இப்படி ஒரு பகல்நேரக் குழுவை நடத்தியது. நிதி நின்றதும் குழுவும் நின்றது. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன்.

காலை ஒன்பதரைக்கு வந்ததும் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊத வேண்டும். இது காவல்துறை சோதனை இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுவோம். குடித்திருந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், அன்றைய குழுவில் மட்டும் உட்கார முடியாது. செவிலியரிடமும் ஆலோசகரிடமும் தனியாகப் பேச வேண்டும். அடுத்தது மாத்திரை. நால்ட்ரெக்ஸோனோ, அகாம்ப்ரோசேட்டோ, டைசல்ஃபிரமோ, மருத்துவர் எழுதியதைச் செவிலியர் கண்முன்னே விழுங்க வேண்டும். பிறகு கஞ்சி. வெறும் வயிற்றோடு வருகிறவர்களே அதிகம். பசியோடு இருப்பவரிடம் எந்த ஆலோசனையும் எடுபடாது. பத்தரைக்கு வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது.

வெங்காய மண்டியில் சுமை தூக்கும் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அவருக்குச் சனிக்கிழமை கூலி நாள். வெள்ளிக்கிழமை மதியம் அவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மண்டியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியை வரையச் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றாலும் தெருக்களைத் துல்லியமாக வரைந்தார். இரண்டு மதுக்கடைகளுக்கும் பெருக்கல் குறி போட்டார். பிறகு நாங்கள் கேட்காமலே ஒரு டீக்கடைக்கும் குறி போட்டார். கூட்டாளிகள் நின்று, “வா, போவோம்” என்று தோளில் கை போடும் இடம் அதுதான் என்றார். மனைவி மண்டி வாசலுக்கு வந்து கூலியை வாங்கிக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. மண்டியில் நாலு பேர் சிரிப்பார்கள், நாளைக்கு மூட்டை தூக்கக் கூப்பிட மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் குழுவிலேயே இருந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், சனிக்கிழமை மாலை தானே வந்து ஏற்றிக்கொண்டு வேறு வழியாக வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

அடுத்த மாதம் ஒரு சாவு வீட்டில் அந்தச் சுமைதூக்கும் தொழிலாளி சறுக்கினார். மறுநாள் காலை அவரே வந்து கருவியின் முன் நின்றார். அன்றே மருத்துவர் பார்த்தார், அன்றே மனைவியை அழைத்துப் பேசினோம், ஒரு நாள் குடி ஒரு மாதக் குடியாக நீளவில்லை. வார்டிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டவர் சறுக்கினால் எங்களுக்குச் செய்தி வரவே மாதங்கள் ஆகும். அதற்குள் வேலை போயிருக்கும், மனைவி தாய்வீட்டுக்குப் போயிருப்பாள், கல்லீரல் வீங்கியிருக்கும். சறுக்கலை மறுநாளே பிடிப்பதுதான் பகல்நேர சிகிச்சையின் மிகப் பெரிய பலம்.

இது புதுமையான யோசனையும் இல்லை. மனநோய்க்குப் பகல் மருத்துவமனை என்ற முறை 1940களிலேயே லண்டனிலும் மான்ட்ரியாலிலும் வந்துவிட்டது. அமெரிக்காவில் அடிமைநோய் மருத்துவர்கள் இதைப் படிநிலையாகவே வகுத்திருக்கிறார்கள்: வாரத்துக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாமல் என்றால் தீவிரப் புறநோயாளி சிகிச்சை, 20 மணி நேரத்துக்குக் குறையாமல் என்றால் பகுதிநேர மருத்துவமனைச் சிகிச்சை. இந்தத் தீவிரப் புறநோயாளி சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் வெளியான மறுஆய்வு, பெரும்பாலானோருக்கு அதன் பலன் உள்ளே தங்கிப் பெறும் சிகிச்சைக்குக் குறைந்ததில்லை என்றே கண்டது. நம் சென்னையிலும் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ தொண்டு நிறுவனம் மனச்சிதைவுக்குப் பகல்நேரப் பராமரிப்பை நடத்திக் காட்டியிருக்கிறது. சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை சென்னையோடு நின்றுவிடாமல், குடிநோய் சிகிச்சையை முகாமாக மஞ்சக்குடி கிராமத்துக்கே கொண்டுபோனது. நோயாளி இருக்கும் இடத்துக்குச் சிகிச்சை போக முடியும் என்பதை இந்த மண்ணிலேயே செய்து காட்டியாகிவிட்டது.

இன்னும் அருகில் ஒரு சாட்சி இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் நம் ஊர்களில் எத்தனை குடிகாரர்கள் மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்கிறார்கள்! அவர்களை யாரும் பூட்டி வைப்பதில்லை. விடியற்காலைக் குளியல், மாலை பூஜை, நேரத்துக்கு உணவு, கண்டிக்க ஒரு குருசாமி, கூடவே பத்துப் பேர், தெருவே ‘சாமி’ என்று மரியாதையாக அழைப்பது. இத்தனையும் சேர்ந்து அந்த மனிதரைப் பிடித்து நிறுத்துகின்றன. மாலையைக் கழற்றிய அன்றே பலர் பழைய இடத்துக்குப் போய்விடுவதற்குக் காரணம், அந்த ஏற்பாடு முழுதும் அன்றோடு விலகிவிடுவதுதான். நம் துறையில் யாராவது இதை ஊன்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது. (தினமும் நிறைய குடிப்பவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலை போடச் சொல்லி குருசாமிகளிடமே துறை பேசலாம்.)

எல்லோருக்கும் பகல்நேர சிகிச்சை பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே வலிப்பு வந்தவர், புத்தி குழம்பியவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், ஈரல் முற்றிலும் கெட்டவர், இரவில் போக வீடே இல்லாதவர், வீட்டில் இன்னொருவரும் குடிக்கிறவர் என்றால் முதலில் படுக்கைதான். அவர்களும் வார்டிலிருந்து நேராகத் தெருவுக்குப் போகாமல் பகல்நேர மையத்துக்கு வந்து, அங்கிருந்து மெல்ல மெல்ல வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்பதே என் வாதம்.

சிகிச்சை அருகில் இல்லாதபோது குடும்பங்கள் எதை நம்புகின்றன என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். “குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்” என்று சுவரெங்கும் விளம்பரம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சாம்பாரில் கலந்து போடுகிறார்கள். அதில் டைசல்ஃபிரம் இருந்து, அதை அறியாத மனிதர் மேலே குடித்துவிட்டால் முகம் சிவந்து, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாத மருந்து அது. இன்னொரு பக்கம், நள்ளிரவில் நான்கு பேரை அனுப்பித் தூக்கிக்கொண்டு போய், பூட்டிய அறையில் அடைத்து அடிக்கும் ‘மறுவாழ்வு இல்லங்கள்’. அங்கிருந்து தழும்போடு வந்தவர்கள் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களை மறுபடி உட்கார வைப்பது எங்களுக்குப் பெரும்பாடு. கதவு திறந்திருக்கும் மையத்துக்கு அவர்களில் சிலராவது வருவார்கள்.

உரிமை என்ற வகையிலும் இது சலுகையாகக் கேட்கும் விஷயம் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. சமூகத்தில் இருந்தபடியே மறுவாழ்வு பெறும் வசதியை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று அதன் 18ஆவது பிரிவு சொல்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். மையம் நண்பகலோடு மூடக் கூடாது. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். காலை ஒன்பதரை முதல் மாலை வரை ஒரு குழு. வேலைக்குப் போய்க்கொண்டே மீள நினைப்பவர்களுக்கு மாலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை இன்னொரு குழு. வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் இப்போது கூடிக்கொண்டே வருகிறார்கள்; அவர்களை நடுவயதுக் குடிநோயாளிகளோடு ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் பேச மாட்டார்கள், தனிக் குழு வேண்டும். பெண்களுக்குத் தனி நேரமும் பிள்ளைகளை விட்டுவைக்க ஓர் அறையும் வேண்டும். இடத்துக்காகப் புதுக் கட்டடம் எழுப்பக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கூடம், இரண்டு சிறு அறைகள், ஒரு சமையலறை, கழிப்பறை போதும். படுக்கை, இரவுப் பணியாளர் செலவு கிடையாது.

பணியாளர்களில் ஒருவரையாவது குடியிலிருந்து மீண்டு சில ஆண்டு ஆனவராக எடுங்கள். சம்பளம் கொடுத்து எடுங்கள். தொண்டு என்ற பெயரில் சும்மா வேலை வாங்காதீர்கள். நான் ஒரு மணி நேரம் பேசி நம்ப வைக்க முடியாததை, “நானும் உன்னைப் போலப் பிளாட்பாரத்தில் விழுந்து கிடந்தவன்தான்” என்று அவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. மாலையில் அவர்களுக்கும், குடும்பத்தாருக்கான கூட்டங்களுக்கும் மையத்தின் கூடத்தைத் திறந்துவிட்டால் அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

பணம் இல்லாமல் இது நடக்காது. மையத்துக்கு வரும் நாள் ஒவ்வொன்றும் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பள இழப்பு. காசநோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. அதே நியாயம் இங்கேயும் பொருந்தும். முழுக் கூலியைக் கேட்கவில்லை. முதல் மூன்று மாதத்துக்கு ஓர் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், மதிய உணவு. தொகையை வாராவாரம் மனைவி அல்லது தாயின் வங்கிக் கணக்கில் போடலாம். கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பகல்நேர போதை மீட்பு சிகிச்சைக்கென ஒரு தனித் தொகுப்பு வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் சகோதரிகள், மையத்துக்கு மூன்று நாள் வராதவரின் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்கலாம்.

நிதி எங்கே என்று கேட்பீர்கள். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அந்த வருவாயில் என் முன்னால் உட்காரும் மனிதர்களின் வாரக் கூலியும் அவர்கள் மனைவிமாரின் தாலியும் கலந்திருக்கின்றன. கடைகளை மூடுவது பற்றி இங்கே நான் பேச வரவில்லை. அது வேறு விவாதம். கடை திறந்திருக்கும் வரை, அதன் வருவாயில் ஒரு குறிப்பிட்ட பங்கைச் சிகிச்சைக்கென்று ஒதுக்கி, எவ்வளவு ஒதுக்கினோம், எத்தனை பேர் மூன்று மாதம் முடித்தார்கள் என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வையுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம். முடித்தவர் எத்தனை, ஓராண்டு கழித்து நன்றாக இருப்பவர் எத்தனை என்பதே வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தீர்கள், தண்டனையைக் கடுமையாக்கிச் சட்டத்தைத் திருத்தினீர்கள். விற்றவன் மீது அந்தக் கோபம் சரிதான். காலையில் எழுந்ததும் கை நடுக்கத்தோடு அந்தப் பாக்கெட்டைத் தேடிப் போன மனிதருக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த நடுக்கம் ஒரு நோயின் அறிகுறி. அவருக்கு அன்று காலை எட்டும் தூரத்தில் கிடைத்த ஒரே மருந்து அந்தச் சாராயம்.

எனவே முதல் பகல்நேர மையத்தைக் கள்ளக்குறிச்சியில் தொடங்குங்கள். கூடவே ஏற்கெனவே இயங்கும் கலங்கரை மையங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றோடு இணைத்து மாலை வரை திறந்திருக்கும் மையங்களை நடத்திப் பாருங்கள். ஓராண்டு போதும். பலனைப் பார்த்துவிட்டு மற்ற மாவட்டங்களுக்கு முடிவெடுங்கள். நாளின் அட்டவணை, குழுவை நடத்தும் முறை, குடும்பங்களிடம் பேசும் முறை எல்லாவற்றையும் நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். கேட்டால் அப்படியே ஒப்படைக்கிறோம். பயிற்சி தர எந்த ஊருக்கும் வருகிறோம்.

அடுத்த நிதிநிலை அறிக்கையை ஒட்டிய துறை மானியக் கோரிக்கையில் இதைச் சேர்க்க முடியுமா என்பதைத் தெரிவியுங்கள். முடியாது என்றால் எந்தக் காரணத்தால் முடியாது என்பதையாவது தெரிவியுங்கள். என் குழுவில் இருந்தவர்கள் இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
குடிநோய் சிகிச்சை ஆலோசகர் ஒருவர்,
மதுரை.